கரடியும் வெப்பமும் தேடும் இடுக்கு

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், அலாஸ்கா போன்ற கரடிகள் வாழும் நிலங்களில், காட்டுக்குள் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்யும் நில அளவையாளர்களுக்கும் வனப் பணியாளர்களுக்கும் பாறை ஆய்வாளர்களுக்கும் ஐஸ் பெட்டி இரண்டு காவல்களைச் செய்தாக வேண்டும். பகல் முழுவதும் வெயிலின் வெப்பம் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் கரடி உள்ளே வராமல் தடுக்க வேண்டும். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சுவரின் தடிமனையே பார்க்கிறார்கள். நான் மூடியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனெனில் வெப்பமும் கரடியும் முதலில் வழி தேடுவது மூடியும் பெட்டியும் சேரும் அந்த விளிம்பில்தான்.

உறுதியான ஐஸ் பெட்டிகளின் ஓடு பொதுவாகச் சுழல்வார்ப்பு முறையில் உருவாகிறது. பொடியாக்கிய பாலிஎத்திலீனை ஓர் அச்சுக்குள் இட்டு, சூட்டடுப்பில் வைத்து, அந்த அச்சை ஒரே நேரத்தில் இரண்டு திசைகளில் மெதுவாகச் சுழற்றுவார்கள். உருகும் பிளாஸ்டிக் உட்புறம் முழுவதும் படிந்து, எங்கும் ஒட்டோ தையலோ இல்லாத ஒரே ஓடாக இறுகுகிறது. வெளி மூலைகளில் பிளாஸ்டிக் சற்றுக் கூடுதலாகவே சேர்வது இந்த முறையின் இயல்பு. விலங்கு பல் பதிக்க வாகான இடம் மூலைதான் என்பதால், அந்தக் கூடுதல் தடிமன் இருக்க வேண்டிய இடத்திலேயே அமைந்துவிடுகிறது. பிறகு இரட்டை ஓட்டின் நடுவே பாலியூரித்தேன் நுரையைச் செலுத்துகிறார்கள். அது பொங்கி, இறுகி, சுவரை விறைப்பாக்குவதோடு வெப்பத்தையும் தடுக்கிறது.

எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். சுமார் 1.2 சதுர மீட்டர் பரப்பும் 5 செ.மீ. நுரையும் கொண்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். வெளியே 30 டிகிரி செல்சியஸ், உள்ளே 0 டிகிரி என்றால், சுவர்கள் வழியாக மட்டும் ஏறத்தாழ 18 வாட் வெப்பம் இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பம் தேவை. ஆகவே ஒரு நாளில் 4.7 கிலோ பனிக்கட்டி கரைந்துபோகும். நுரையின் தடிமன் பாதியானால் இழப்பு இரு மடங்காகும். மலிவான பெட்டிகள் பலவற்றில் சுவருக்குள் நுரை இருந்தாலும் மூடி வெறும் கூடாகவே இருக்கும். அப்படிப்பட்ட பெட்டியின் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தும் பெரிய பயன் இல்லை.

இதே கணக்கு இன்னொரு செய்தியையும் சொல்கிறது. வெயிலில் கிடந்து 30 டிகிரிக்குச் சூடேறிய பத்து லிட்டர் குடிநீரைப் பெட்டிக்குள் வைத்தால், அதை 0 டிகிரிக்குக் குளிர்விப்பதற்கே முக்கால் நாள் சுவரிழப்புக்கு ஈடான, அதாவது ஏறத்தாழ 3.75 கிலோ பனிக்கட்டி செலவாகிவிடும். அதற்கு எதிராக, மூடியை ஒருமுறை சட்டென்று திறந்து மூடுவதால் ஏற்படும் இழப்பு சில பத்து கிராம் அளவே, ஏனெனில் கனமான குளிர்காற்று பெட்டியின் அடியில்தான் தங்குகிறது. எனவே மூடியைத் திறந்துவிட்டார்கள் என்று கூட வேலை செய்பவர்களைக் கடிந்துகொள்வதைவிட, பெட்டியையும் உள்ளே வைக்கும் பொருள்களையும் முந்தைய இரவே குளிர வைத்துவிடுவது பல மடங்கு பயன் தரும். உடைத்த பனிக்கட்டியைவிடப் பெரிய கட்டி நீடிப்பதற்குக் காரணம், அதே எடைக்கு அதன் மேற்பரப்பு குறைவு என்பதே.

மூடியின் உள்விளிம்பைச் சுற்றி ஓடி இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டையான கேஸ்கட்டைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். காகிதத்தை விளிம்பில் வைத்து, மூடியை மூடிக் கொண்டிகளை மாட்டியபின் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கட் அழுந்தவில்லை என்று பொருள். நான்கு பக்கங்களிலும், குறிப்பாகக் கீல் இருக்கும் பின்பக்கத்திலும், இப்படிச் செய்து பார்ப்பது நல்லது.

இனி கரடிக்கு வருவோம். வட அமெரிக்கப் பழுப்புக் கரடியான கிரிஸ்லி கரடியின் முன்னங்கால் நகங்கள் 10 செ.மீ. வரை நீளக்கூடியவை. பெட்டியின் சுவரைக் கிழிக்க முயல்வதோடு அது நிற்பதில்லை. முன்னங்கால்கள் இரண்டையும் மூடியின்மேல் ஊன்றி முழு உடல் எடையோடு மீண்டும் மீண்டும் அழுத்துகிறது, புரட்டுகிறது, கடிக்கிறது. அழுத்தத்தில் மூடி சற்றே வளைந்து, நகநுனி நுழையும் அளவுக்கு இடுக்கு உண்டாகிவிட்டால், பிறகு நெம்பித் திறப்பது அதற்கு எளிது. ஆகையால்தான் நல்ல பெட்டிகளில் மூடியின் விளிம்பு பெட்டிக்குள் அமிழ்ந்து உட்காரும்படியும், கீல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்ட கம்பியின்மேல் திரும்பும்படியும் அமைக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கென ஒரு தேர்வு முறையே உண்டு. 1983-இல் அமைக்கப்பட்ட, கிரிஸ்லி கரடிகளுக்கான, பல அரசுத் துறைகள் சேர்ந்த குழு, மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரிலுள்ள கரடிக் காப்பகத்தில் நடக்கும் சோதனைகளின் அடிப்படையில் சான்றளிக்கிறது. பெட்டிக்குள் மணமுள்ள உணவை வைத்து அங்குள்ள கரடிகளிடம் விடுவார்கள். கரடி உண்மையாகவே அதனோடு மல்லுக்கட்டும் நேரம் மொத்தம் 60 நிமிடங்கள் ஆகும்வரை பெட்டி தாக்குப்பிடிக்க வேண்டும். தேசியக் காடுகளில், உணவைக் கரடிக்கு எட்டாதபடி வைக்கச் சொல்லும் உணவுச் சேமிப்பு ஆணை நடப்பிலுள்ள பகுதிகளில் இந்தச் சான்று ஏற்கப்படுகிறது.

ஆனால் இந்த வகை ஐஸ் பெட்டிகளுக்குக் கிடைக்கும் சான்று, முன்மூலைகளில் பூட்டுகள் பூட்டப்பட்ட நிலைக்கே பொருந்தும் என்பது பலரும் கவனிக்காத செய்தி. ரப்பர் கொண்டிகள் கேஸ்கட்டை அழுத்தி வெப்பத்தைத் தடுக்கப் போதுமானவை. கரடியோ அவற்றைக் கடித்திழுத்து விடுவித்துவிடும். மூடியின் மூலையை உற்றுப் பார்த்தால், மூடியிலிருந்தும் பெட்டியிலிருந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு போன்ற பகுதிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு துளை தெரியும்; சில பெட்டிகளில் அதைச் சுற்றி உலோகத் தகடும் பதித்திருப்பார்கள். அதில் நுழையும் பூட்டின் வளைகம்பி தேவைக்கு மிஞ்சி நீளமாக இருந்தால், மூடி மேலெழும்ப இடம் கிடைத்துவிடும். எனவே இரண்டு பூட்டுகளையும் அந்தப் பெட்டிக்கே பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும்.

வாடை வெளியேறுவதை எந்தப் பெட்டியும் முழுமையாகத் தடுப்பதில்லை. கரடி கட்டாயம் வரும் என்று எண்ணியே, பெட்டியைத் தூங்கும் கூடாரத்திலிருந்து 100 மீட்டர் அளவு தள்ளி வைக்க வேண்டும். மனித உணவை ஒருமுறை ருசித்த கரடி திரும்பத் திரும்ப வருகிறது. மனிதர் இருக்கும் இடத்துக்கு அஞ்சாமல் வரப் பழகியபின் பல வேளைகளில் அதைக் கொன்றுவிடுகிறார்கள். மதிய வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் ஒரு பூட்டை மாட்டாமல் போவதன் விலை அந்த உயிர் என்பது என்னை எப்போதும் வருத்தும் விஷயம்.

உருகிய நீரை உடனுக்குடன் வடிக்கத் தேவையில்லை. பனிக்கட்டி மிச்சமிருக்கும்வரை அது 0 டிகிரியை ஒட்டியே இருந்து உணவைச் சுற்றிக் குளிர்ச்சியைப் பரப்புகிறது. இறைச்சியும் மீனும் நனையாதபடி நீர்புகா உறைகளில் இருந்தால் போதும். வடிக்க வேண்டி வந்தால், மீன் வாடை ஏறிய அந்த நீரைக் கூடாரத்தின் அருகில் ஊற்றாமல் தொலைவில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, வடிகால் அடைப்பானை இறுகத் திருகி, அதன் விளிம்பையும் துடைத்துவிட வேண்டும்.