ஊசியா, ஸ்டென்டா? 120 நிமிடக் கணக்கு

நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அதில் எஸ்டி பகுதி (ஈசிஜி வரைகோட்டின் ஒரு துண்டு) மேலெழுந்திருந்தால், பெரும்பாலும் இதயத் தமனி ஒன்று முழுதாக அடைபட்ட மாரடைப்பாக இருக்கும். டிரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்) பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பது வீண். ரத்தத்தில் அது ஏறவே சில மணி நேரம் பிடிக்கலாம். ஒவ்வாமை இல்லையென்றால் 162 முதல் 325 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லிவிட்டு, அடைப்பைத் திறக்கும் வழியைப் பார்க்க வேண்டும்.

அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒரு வழி. மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியே குழாய் செலுத்தி, பலூனால் விரித்து ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி இன்னொன்று. பின்னது சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்த ஓட்டத்தை முழுமையாக மீட்கும். ஊசியால் அது ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும். நூற்றில் ஒருவருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவும் வரலாம்.

பிறகு ஊசி எதற்கு? ஈசிஜியில் உறுதியான நேரத்திலிருந்து 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டிக்கான மெல்லிய கம்பி அடைப்பைக் கடந்தாக வேண்டும். ஆம்புலன்ஸ் பயணம், கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறை) குழு வந்துசேரும் நேரம் எல்லாம் இதற்குள் அடக்கம். முடியாது என்று தெரிந்தால் உடனே ஊசி: ஐரோப்பிய வழிகாட்டுதல் 10 நிமிடம் தருகிறது, அமெரிக்க வழிகாட்டுதல் 30. புதிய கட்டி எளிதில் கரையும். நேரம் போகப் போக அதிலுள்ள ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் இறுகிவிடும். அதனால் வலி தொடங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊசிக்கு இருக்கும் வீச்சு பிறகு இருக்காது. 12 மணி நேரம் தாண்டினால் பொதுவாகப் போடுவதில்லை.

இந்த ஊசி மருந்துகளில் டெனெக்டிபிளேஸ் எடைக்கேற்ப 30 முதல் 50 மி.கி., ஒரே தடவையில் சில நொடிகளில் செலுத்தப்படும். 75 வயதைக் கடந்தவர்களுக்குப் பாதி அளவே பரிந்துரை. டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் குழாயில் போட்டால் மருந்து படிந்துவிடும். முன்னும் பின்னும் சலைன் விட்டுக் கழுவ வேண்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடச் சொட்டாக. ரத்த அழுத்தம் சரிவது வழக்கம். சொட்டின் வேகத்தைக் குறைக்க வேண்டும். உடலில் எதிர்ப்பொருள் உருவாகிவிடுவதால் அதே மருந்தை மறுமுறை தரக்கூடாது.

மோசமான தவறு ஆள் தெரியாமல் ஊசி போடுவது. எஸ்டி கீழிறங்கியவருக்கு அதனால் பயனில்லை, கசிவு அபாயம் மட்டுமே மிச்சம். முதுகுக்குப் பாயும் கிழிக்கும் வலி, இரு கைகளில் வேறுபடும் ரத்த அழுத்தம் இருந்தால் இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியில் கிழிசலா என்று பார்த்தாக வேண்டும். அங்கே இந்த ஊசி உயிரையே பறிக்கும்.

60 முதல் 90 நிமிடம் கழித்து மறுபடி ஈசிஜி. எஸ்டி உயர்வு பாதியாவது குறையவில்லையென்றால் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி. குறைந்திருந்தாலும் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம். ஆகவே பலனைப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று நோயாளியை நிறுத்திவைக்காமல், ஊசி போட்ட கையோடு கேத் லேப் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும்.