அப்ரூவர்: ஒப்புக்கொண்டவரா, மன்னிக்கப்பட்டவரா?

‘ஆறாவது எதிரி அப்ரூவர் ஆனார்’ என்று நாளிதழில் படித்ததும், ஆள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ‘அப்ரூவல்’ என்றால் ஒப்புதல்தானே என்ற நினைப்பு. ஆனால் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தவர் எதிரியாகவேதான், அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகவேதான் இருப்பார். அப்ரூவரோ மன்னிப்பு பெற்று, கூட்டாளிகளுக்கு எதிராக அரசுத் தரப்பில் சாட்சி சொல்பவர்.

சொல்லின் வேர் லத்தீன் ‘ப்ரொபாரே’: சோதித்தல், மெய்ப்பித்தல். ‘ப்ரூஃப்’ பிறந்ததும் அங்கேதான். இடைக்கால இங்கிலாந்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்டு கூட்டாளிகள்மேல் குற்றம் சாட்டியவன், அவர்களோடு சண்டையிட்டு அதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தோற்றால் அவனுக்குத் தூக்கு. இந்தியாவில் 1830களில் தக்கர் என்ற வழிப்பறிக் கொலைகாரக் கூட்டங்களைப் பிடிக்க, பிடிபட்டவர்களையே கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்த ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமனின் முறை இச்சொல்லுக்குப் பெரும் புழக்கம் தந்தது.

இன்றைய நடைமுறைக்கு ஒரு கற்பனை வழக்கு. காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டில் ஐந்து பேர் புகுந்து, காவல்காரரைக் கட்டிப்போட்டு, வெள்ளிச் சாமான்களையும் தேக்கு மர வேலைப்பாடுகளையும் அள்ளிச் செல்கிறார்கள். ஐந்து பேர் சேர்ந்து வன்முறையோடு செய்ததால் இது கூட்டுக்கொள்ளை. எந்த அறையில் எது இருக்கிறது என்று துப்புக் கொடுத்தவர் வீட்டுக் கணக்கப்பிள்ளை. அவர் ஆறாவது எதிரி. அவரைத்தான் அரசுத் தரப்பு தன் பக்கம் இழுக்கப் பார்க்கும்.

மன்னிப்பு தருவது காவல் ஆய்வாளர் அல்ல. கதைகளில் அடிக்கடி பிசகும் இடம் இது. புலனாய்வு நடக்கும்போது காரைக்குடி நீதித்துறை நடுவராலும் தர முடியாது. சிவகங்கை தலைமைக் குற்றவியல் நடுவரிடம் போக வேண்டும். வழக்கு செஷன்ஸ் (அமர்வு) நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டபின் அந்த நீதிமன்றமே தீர்ப்புக்கு முன்புவரை தரலாம். 2024 ஜூலை 1 முதல் இவை புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 343, 344 பிரிவுகள். பழைய சட்டத்தில் 306, 307. நடுவர் மன்னிப்புக்கான காரணத்தையும், ஆள் அதை ஏற்றாரா என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: தெரிந்தது அத்தனையையும் ஒளிக்காமல், உண்மையாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஜாமீனில் இல்லாதவர் விசாரணை முடியும்வரை காவலில்தான் இருப்பார். அப்ரூவரானால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்பது சினிமா.

பெரும்பாலும் கெடுவது இந்த ‘ஒளிக்காமல்’ என்பதில்தான். கணக்கப்பிள்ளை மற்ற நால்வரைச் சொல்லிவிட்டு, ஐந்தாமவன் மைத்துனன் என்பதால் விழுங்கிவிடுவார். வேண்டுமென்றே மறைத்தார் என்று அரசு வழக்கறிஞர் சான்றளித்தால், 345ஆம் பிரிவின்படி அதே கொள்ளைக்காக அவரைத் தனியாக விசாரிக்கலாம். மன்னிப்பை நம்பிக் கொடுத்த வாக்குமூலமே அங்கே அவருக்கு எதிரான சான்று. முதலாளிக்கும் உண்மையாக இல்லை, கூட்டாளிக்கும் இல்லை என்பதால் நீதிமன்றமும் அவரை எளிதில் நம்பாது. 1957இல் சர்வன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்தது இரட்டைச் சோதனை: சாட்சியம் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும், பிற சான்றுகளும் அதற்குப் போதிய வலு சேர்க்க வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? ‘அரசுத் தரப்புச் சாட்சி’ போதாது. மகஸரில் (பொருள்களைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன் எழுதும் பத்திரத்தில்) கையெழுத்துப் போட்ட கிராம நிர்வாக அலுவலரும் அதேதான். ‘பிறழ் சாட்சி’ நேர் எதிர்: அரசுத் தரப்பைக் கைவிட்டவர். ‘காட்டிக்கொடுத்தவர்’ வசவு, எட்டப்பன் பெயர் வசவான மண்ணில் அதை வழக்குக் குறிப்பில் எழுதக் கூடாது. 343ஆம் பிரிவின் தலைப்பே உடந்தையாளருக்கு மன்னிப்பு அளிப்பதைத்தான் சொல்கிறது. ஆகவே ‘மன்னிப்புச் சாட்சி’ என்பதே பொருந்தும். நுட்பம் தேவைப்படும் இடத்தில் ‘நிபந்தனை மன்னிப்பு பெற்ற உடந்தைச் சாட்சி’.

நடுவரின் உத்தரவுக்கு முன் ‘மன்னிப்புச் சாட்சியாக விரும்புகிறார்’ என்று எழுதுங்கள். உத்தரவு வந்து அவர் ஏற்றபின்தான் ‘ஆனார்’.