ஒரு ஜிக், மூன்று பெயர்கள்

அயர்லாந்து இசைக்காரர்கள் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், இரவு முடிவதற்குள் யாராவது ஒருவர் 'மாரிசன்ஸ் ஜிக்' வாசித்துவிடுவார். ஜிக் என்பது 'தகிட தகிட' என்று மும்மூன்றாய் நடக்கும் நடன மெட்டு. இரண்டு 'தகிட' சேர்ந்தது ஒரு கட்டம். எட்டுக் கட்டங்கள், அவற்றைத் திருப்பி ஒருமுறை. அப்புறம் வேறு எட்டு, அதையும் ஒருமுறை திருப்பி. ஒரு நிமிடம்கூட ஆகாது.

யார் இந்த மாரிசன்? அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்து நியூயார்க்கில் பெயர் பெற்ற பிடில் கலைஞர் ஜேம்ஸ் மாரிசன். 1936-இல் இந்த மெட்டை இசைத்தட்டில் பதிவு செய்தார். ஆனால் அந்தத் தட்டில் அவர் பெயரில் மெட்டு இல்லை. 'மாரிஸ் கார்மடிக்குப் பிடித்தது' என்ற பொருளில் ஒரு தலைப்பு இருக்கிறது. மாரிசனோடு அக்கார்டியன் வாசித்த டாம் கார்மடி, அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக்காரர், தன் அப்பா மாரிஸிடம் கற்றதை மாரிசனுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். அந்த வீட்டில் இதற்கு வழங்கிய பெயர், 'அடுப்புத் திண்டின் குறுக்கே கிடக்கும் குச்சி'. தட்டைக் கேட்டுக் கற்றவர்கள் வாசித்தவர் பெயரையே மெட்டுக்குச் சூட்டிவிட்டார்கள்.

அதனால் ஒரு மெட்டின் பூர்வீகத்தைத் தேடுபவர் முதலில் விட்டுவிட வேண்டியது பெயரைத்தான். பிரான்சிஸ் ஓ'நீல் 1903-இல் வெளியிட்ட தொகுப்பில் 1850 மெட்டுகள் இருக்கின்றன. கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோவின் போலீஸ் தலைவராக உயர்ந்தவர் அவர். நூற்றுக்கணக்கான மெட்டுகளை மனத்தில் வைத்திருந்தாலும் அவருக்கு ஸ்வரம் எழுத வராது. அவர் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓ'நீல் என்ற சக காவலர் எழுதினார். அந்தப் புத்தகத்தில் 'மாரிசன்ஸ் ஜிக்' என்று தேடிப் பயனில்லை. அது வந்தபோது மாரிசன் சிறுவன்.

அச்சுப் புத்தகத்தின் சாட்சியம் ஒரு திசையில்தான் செல்லும். அச்சான ஆண்டில் மெட்டு இருந்தது என்று அது சொல்லும். அந்த ஆண்டில்தான் பிறந்தது என்று சொல்லாது. 'ஹேஸ்ட் டு தி வெட்டிங்' (கல்யாணத்துக்கு விரைந்து வா) என்ற ஜிக் இன்று கிராமத்துக் கல்யாண மெட்டு போலவே ஒலிக்கிறது. தடத்தைப் பிடித்துப் பின்னால் போனால் 1767-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடந்த ஒரு கூத்தில் போய் முட்டுகிறோம். நாட்டுப்புற இசை என்றால் வயலில்தான் முளைத்திருக்கும் என்ற நினைப்பு எனக்கு அங்கே உடைந்தது.

இசைத்தட்டு இன்னும் துல்லியமான சாட்சி. கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவிலோ லேபிளுக்கு அடியிலோ ஓர் எண் பதிந்திருக்கும். பதிவின்போது கம்பெனி கொடுத்த வரிசை எண் அது. கம்பெனிப் பேரேட்டில் அந்த எண்ணுக்கு நேரே தேதி இருக்கும். 1893 முதல் 1942 வரை அமெரிக்காவில் குடியேறிய சமூகங்களுக்காக வெளிவந்த தட்டுகளை ரிச்சர்ட் ஸ்பாட்ஸ்வுட் இப்படித் தொகுத்து 1990-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். ஆனால் தட்டின் சுருதியை அப்படியே நம்பக்கூடாது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழல வேண்டியதை 80-இல் சுழற்றினால், அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவே கிட்டத்தட்டப் பாதி தூரம் சுருதி ஏறிவிடும்.

சரி, பெயர் உதவாது, சுருதியும் மாறும். போதாததற்கு ஒவ்வொருவரும் அவரவர் கமகத்தைச் சேர்ப்பார்கள். பிறகு இரண்டு பதிவுகள் ஒரே மெட்டுதான் என்று எப்படி முடிவு செய்வது? அரசு ஊழியராக இருந்துகொண்டே வாழ்நாள் முழுக்க மெட்டுகள் சேகரித்த பிரெண்டான் பிரெத்னாக் (1912–1985) இதற்கு அழகான வழி கண்டார். அழுத்தம் விழும் ஸ்வரங்களை மட்டும் எடுத்து, அவை ஆதார சுருதியிலிருந்து எத்தனையாவது என்று எண்ணால் எழுதி, அட்டைகளில் வரிசைப்படுத்துவது. அதே யோசனைப்படி மாரிசன்ஸ் ஜிக்கின் முதல் நான்கு கட்டங்களை நாம் எழுதிப் பார்க்கலாம். ஒவ்வொரு 'தகிட'விலும் 'த' விழும் இடம் மட்டும்: ஸ ப, ஸ ம, ஸ ப, நி ம. ஸ 1, ம 4, ப 5, நி 7 என்று வைத்தால், எண்ணில் 15 14 15 74. 'கிட' என்ற இடத்தில் ஒருவர் நீட்டலாம், இன்னொருவர் சுழற்றலாம், எண் மாறாது. எந்தச் சுருதியில் வாசித்தாலும் மாறாது. கமகம் பெரும்பாலும் அழுத்தங்களுக்கு நடுவில்தான் விளையாடும் என்பதை வாசிப்பவராகவே அவர் அறிந்திருந்தார். அந்த அறிவுதான் இந்த முறையின் உயிர் என்று நினைக்கிறேன்.

இன்று கணினி வேறு கணக்குப் போடுகிறது. டப்ளினில் பிரையன் டகன் உருவாக்கிய ட்யூன்பால் என்ற செயலிக்கு மெட்டை வாசித்துக் காட்டினால், ஒலியிலிருந்து ஸ்வரங்களைப் பிரித்து எழுத்துச் சரமாக்கி, சேமிப்பில் உள்ள சரங்களோடு ஒப்பிடும். 'கடல்' என்பதை 'மடல்' ஆக்க ஓர் எழுத்தை மாற்றினால் போதும். 'கடற்கரை' ஆக்க அதைவிட அதிகம் மாற்ற வேண்டும். அதுபோல ஒரு மெட்டை இன்னொன்றாக்க எத்தனை ஸ்வரங்களைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணி, குறைந்த எண்ணிக்கை வந்ததை முதலில் காட்டும்.

ஆனால் நெருக்கமான எண் வந்த இரண்டு மெட்டுகளின் முதல் பாதி ஒட்டியும், இரண்டாம் பாதி முழுக்க வேறாகவும் இருப்பதுண்டு. அந்த இடத்தில் பழைய தட்டையும் புதிய பதிவையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, வேகத்தைப் பாதியாக்கி, கட்டம் கட்டமாய்க் காதால்தான் கேட்க வேண்டும். மாரிசனின் 1936 தட்டில் தொடங்கிப் பாருங்கள். அந்த 'ஸ ப'வைப் பிடிக்க அதிக நேரம் ஆகாது.