திரை எழும்பும் முன்பே பேசும் சீரியல் போர்ட்

சொந்தமாக எழுதிய கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடாமல் நின்றால், பெரும்பாலும் கறுப்புத் திரைதான் மிஞ்சும். திரையில் ஓர் எழுத்து வரவே எத்தனையோ அடுக்குகள் சரியாக இருக்க வேண்டும். தரவை ஒவ்வொரு பிட்டாக ஒரே கம்பியில் அனுப்பும் சீரியல் போர்ட்டுக்கு அதெல்லாம் தேவையில்லை. இன்டரப்ட் (பிராசஸரின் வேலையை இடைமறித்து வன்பொருள் தரும் அழைப்பு) வேண்டாம், மெமரி ஒதுக்கீடு வேண்டாம். சில பைட்டுகளை எழுதினாலே போதும்.

பழைய பிசி அமைப்பில் முதல் சீரியல் போர்ட்டின் ஐ/ஓ முகவரி 1016. அதோடு 1 கூட்டிய இடத்தில் 0 எழுதினால் இன்டரப்ட் அணையும். 3 கூட்டிய இடத்தில் 128 எழுதி, முதல் இரு முகவரிகளில் 1, 0 என்று வகுஎண்ணைக் கொடுத்தால் வேகம் வினாடிக்கு 115200 பிட். பிறகு அதே 3 கூட்டிய இடத்தில் 3 எழுதினால் 8 தரவு பிட், பாரிட்டி (பிழை சோதிக்கும் பிட்) இல்லை, ஒரு நிறுத்த பிட். இனி எழுத்து அனுப்ப, 1021-ஐப் படித்து 32 மதிப்புள்ள பிட் எழும்வரை காத்திருந்து, 1016-ல் பைட்டைப் போட வேண்டும். இந்தக் காத்திருப்புக்கு ஒரு வரம்பு வையுங்கள். பிட் எழவே இல்லையென்றால் கர்னல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். போர்ட்டே இல்லாத கணினியில் பொதுவாக 255 வரும்; அதில் அந்த பிட்டும் இருப்பதால், எல்லாம் சரியாகப் போவதுபோல் ஏமாற்றும்.

துவக்க அசெம்பிளியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இலக்கத்தை அனுப்பிப் பாருங்கள். மறுமுனையில் '12' வந்து '3' வரவில்லையென்றால், பிழை 2-க்கும் 3-க்கும் நடுவில். எக்ஸ்86-ல் ஐ/ஓ போர்ட்டுகள் பேஜ் டேபிளை (மெமரி முகவரிகளை மாற்றிக் காட்டும் அட்டவணை) சார்ந்தவை அல்ல. பேஜிங் குழம்பினாலும் அனுப்பும் கட்டளை ஓடுகிற வரை எழுத்து போகும். ஆர்ம் கணினிகளில் அப்படியில்லை. அங்கே யுஆர்ட், அதாவது சீரியல் போர்ட்டை இயக்கும் சிப், மெமரி முகவரியில்தான் இருக்கிறது. முகவரிகளை மாற்றித்தரும் எம்எம்யு இயங்கிய கணமே வெளியீடு நின்றால், கர்னல் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். யுஆர்ட் முகவரியை மேப் செய்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

லினக்ஸில் வழக்கமான கன்சோல் டிரைவர் தாமதமாகத்தான் எழும்புகிறது. அதற்கு முன்னரே கர்னல் விழுந்தால் செய்திகள் மெமரியிலேயே மடிந்துபோகும். அந்தச் செய்திகளை முன்கூட்டியே வெளியே அனுப்பத்தான் 'ஏர்லிகான்' என்ற துவக்க அளவுரு இருக்கிறது.

இணைப்புக்கு மூன்று கம்பி போதும்: அனுப்பும் முனை எதிர்க் கணினியின் பெறும் முனைக்கு, பெறும் முனை அதன் அனுப்பும் முனைக்கு, தரைக்கம்பி தரைக்கம்பிக்கு. தரைக்கம்பி விட்டுப்போனால் குப்பை எழுத்து வரலாம். வேகம் பொருந்தாவிட்டாலும் குப்பைதான். வரிகள் படிக்கட்டுபோல் வலப்பக்கம் சரிந்தால், புதுவரிக் குறிக்கு முன் கேரேஜ் ரிட்டர்ன் (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் குறி) அனுப்பவில்லை என்று பொருள். 3.3 வோல்ட் போர்டில் ஆர்எஸ்-232 (பழைய சீரியல் தரநிலை) கேபிளை நேரடியாகச் செருகவே கூடாது. அதில் 15 வோல்ட் வரை வரலாம், சிப் கருகிவிடும். சோதிக்கும் கணினியின் பக்கம் யுஎஸ்பி அடாப்டரும் உதவாது, அதை ஓட்டவே முழு யுஎஸ்பி டிரைவர் வேண்டும். கவனிக்கும் கணினியில் அது தாராளமாகப் போதும்.

இதன் பெரிய குறை வேகம். ஓர் எழுத்துக்குத் தொடக்க, நிறுத்த பிட்டுகளோடு 10 பிட். 115200 வேகத்தில் சுமார் 87 மைக்ரோவினாடி. 80 எழுத்து வரிக்கு ஏறக்குறைய 7 மில்லிவினாடி, பிராசஸருக்கு அது யுகம். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் ஒரு வரி அச்சிட்டதும் பிழை மறைந்தால், அச்சிடுதல் நேரத்தைக் குலைத்திருக்கலாம். அப்போது நிகழ்வுகளை மெமரியில் ஒரு வட்டப் பஃபரில் (நிரம்பினால் பழையதன் மேலேயே எழுதும் இடம்) சிறு எண்களாகக் குறித்துவைத்து, கர்னல் விழுந்த பிறகு சீரியல் வழியே கொட்டுங்கள். அந்தக் கடைசிக் கொட்டலில் மட்டும் லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பயன்படுத்த வைக்கும் பூட்டு) எதையும் கேட்க வேண்டாம். விழுந்த அதே பிராசஸர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால், ஓர் எழுத்தும் வெளியே வராது.