கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

வலி வேகமாகக் கூடி, கார் வந்து சேர்வதற்குள் வீட்டுக் கூடத்திலேயே பிள்ளை பிறந்துவிடுகிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இது புதிதல்ல. பிள்ளை நன்றாக அழுகிறது, தாயும் பேசுகிறாள். அதோடு விட்டால் போதும். ஆனால் உடனே யாராவது குரல் கொடுப்பார்கள்: "தொப்புள்கொடிய வெட்டுங்க, சீக்கிரம்!" தையல் கத்தரியோ சவர பிளேடோ அடுப்படிக் கத்தியோ வந்துவிடும். தையல் நூலால் கட்டி, அந்தக் கட்டும் பாதி தளர்ந்து, ஈரத் துணிக்குள் சில்லிட்டுப்போன நிலையில், பிரசவம் பார்க்கும் எங்களிடம் இன்னொரு பிள்ளை வந்து சேர்ந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பிறப்பில் ஒரு கோளாறும் இல்லை. பிறந்த பிறகு வீட்டார் செய்த அவசரம்தான் பிள்ளையை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது.

கொடியை வெட்டாமல் விட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்பது தவறு. பிறந்த பிறகும் சில நிமிடங்கள் கொடி துடிக்கும். கருப்பையில் பிள்ளைக்கு ஊட்டம் தந்த நஞ்சில் (பிளாசெண்டா) மிச்சமிருக்கும் இரத்தம் அந்த வழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது. அது அழுக்கு இரத்தம் அல்ல, பிள்ளையின் சொந்த இரத்தம். குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் கொடிக்குக் கிளிப் போட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. துடிப்பு நின்றதும் கொடி வெளுத்துத் துவண்டுவிடும். அதன் பிறகு ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தாலும் கெடுதல் இல்லை. பிள்ளையின் இரத்தம் தாய்க்குத் திரும்பி ஓடிவிடும் என்று பயப்படுகிறவர்கள் பிள்ளையைத் தாயின் மார்பிலோ வயிற்றிலோ வைத்திருந்தாலே போதும்.

வெட்டினால்தான் ஆபத்து. 3 கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்தமாகவே ஏறக்குறைய 240 மில்லி இரத்தம்தான் இருக்கும். கட்டு தளர்ந்து 50 மில்லி கசிந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. சுற்றியிருக்கும் துணி அதை உறிஞ்சிக்கொள்வதால் வெளியே தெரியாது. நூல் இறுக்கமாகத்தானே கட்டினோம் என்பார்கள். கொடிக்குள் இருப்பது வழவழப்பான கூழ். அது சுருங்கச் சுருங்க நூல் தளரும். நாங்கள் பல் வைத்த பிளாஸ்டிக் கிளிப் போடுவதற்குக் காரணமே இதுதான்.

அடுத்து டெட்டனஸ் எனும் ரண ஜன்னி. அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதை போல உறங்கிக் கிடக்கும். அந்த விதை கொதிக்கும் வெந்நீரில் முக்கினாலும் சாகாது. ஆகவே கத்தியைச் சுடுநீரில் கழுவிவிட்டோம் என்ற சமாதானம் உதவாது. வெட்டிய இடத்தில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் என்று எதைப் பூசினாலும் கிருமிக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். கர்ப்பத்தில் தவறாமல் போடச் சொல்லும் ஏ.டி.டி. ஊசி இந்த ஜன்னிக்கு எதிரான காப்பு. அதைத் தவிர்த்த தாயின் வீட்டிலேயே பிளேடும் எடுக்கப்பட்டால் இரட்டை ஆபத்து.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. சில சமயம், குறிப்பாகக் கழிப்பறையில் பிள்ளை நழுவி விழும்போது, கொடி தானாகவே அறுந்துவிடும். அப்போது பிள்ளையின் பக்கமுள்ள முனையை விரலால் உடனே இறுகக் கிள்ளிப் பிடியுங்கள். சுத்தமான நாடா கிடைத்தால் தொப்புளிலிருந்து நான்கு விரல் தள்ளி இறுக்கிக் கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

இனி, வலி தொடங்கும் நேரத்துக்கு வருவோம். முதல் பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வலித்தது என்பதை வைத்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் கணக்குப் போடாதீர்கள். வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் பிறந்துவிடுவதும் உண்டு. "விடியட்டும்", "அவர் ஷிப்ட் முடிந்து வரட்டும்" என்று காத்திருந்தவர்கள்தான் பெரும்பாலும் வீட்டில் பெறுகிறார்கள். வலி ஒழுங்காக விட்டுவிட்டு வரத் தொடங்கினாலோ, பனிக்குடம் உடைந்தாலோ கிளம்புங்கள். "வெளிக்கு வருவது போல இருக்கிறது" என்று தாய் சொன்னால், பிள்ளையின் தலை கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அவளைத் தனியாகக் கழிப்பறைக்கு விடாதீர்கள். தலை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் காரில் ஏற்றவே வேண்டாம். ஏற்கனவே வழியில் இருந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

அவசர எண் 999-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் வையுங்கள். வீட்டு நம்பர் மட்டும் சொன்னால் தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டே இருக்கும். தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், பெரிய சாலையில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்று சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் ஒருவரைச் சந்திக்கு அனுப்பி விளக்கைப் போட்டு நிற்கச் சொல்லுங்கள். தோட்டத்துக் கேட்டில் கட்டை போட்டிருந்தால் காவலரிடம் முன்கூட்டியே சொல்லித் திறந்து வையுங்கள். இருட்டில் செம்பனைக் காட்டுச் செம்மண் பாதை எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும்.

கையைச் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். துவைத்த துண்டுகள் நான்கைந்து பக்கத்தில் இருக்கட்டும். தாயைக் கட்டிலின் விளிம்பில் வைக்காமல் தரையில் விரித்த பாயில் ஒருக்களித்தோ சாய்ந்தோ இருக்கவிடுங்கள். தலை வரும்போது முக்கச் சொல்லாமல், வாயைத் திறந்து மூச்சு வாங்கச் சொல்லுங்கள். உங்கள் உள்ளங்கை தலையை மெல்லத் தாங்கினால் போதும், இழுக்காதீர்கள். அடுத்த வலியில் தோள் வரும், பிறகு உடம்பு மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும். துண்டோடு ஏந்துங்கள். தலைக்குப் பதில் காலோ கொடியோ முதலில் தெரிந்தால் அதை உடனே 999-இல் சொல்லுங்கள். கொடி தெரிந்தால் தாயை முட்டிபோட்டு, மார்பு தரையில் படக் குனிந்து, இடுப்பை உயர்த்தி இருக்கச் சொல்லுங்கள்.

கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் பதற வேண்டாம். ஏறக்குறைய நான்கில் ஒரு பிறப்பில் இப்படித்தான் இருக்கும். தளர்வாக இருந்தால் தலைக்கு மேலே மெல்ல எடுத்துவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் அப்படியே பிறக்கவிட்டுப் பிறகு அவிழுங்கள். மாமனுக்கு ஆகாது என்ற பேச்சை அந்த நேரத்தில் தாயின் காதுபட யாரும் பேச வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதற்கும் மாமனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பிறந்தவுடன் பிள்ளையைத் தலையிலிருந்து கால் வரை அழுத்தித் துடையுங்கள். முதுகைத் தேய்ப்பதே மூச்சைத் தூண்டும். தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதோ வாய்க்குள் விரல் விடுவதோ கூடாது. ஈரத் துண்டை எடுத்துவிட்டுப் பிள்ளையை வெறும் உடம்போடு தாயின் மார்பில் வைத்து, இருவரையும் சேர்த்துக் காய்ந்த துணியால் போர்த்தி, பிள்ளையின் தலையையும் மூடுங்கள். துடைத்த பிறகும் மூச்சோ அழுகையோ இல்லையென்றால் உடனே 999-இல் சொல்லி, அவர்கள் சொல்லும்படி வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊதுங்கள். கன்னத்தில் நிற்கும் காற்றளவு போதும், நெஞ்சு எழும்ப வேண்டும். குளிப்பாட்டல் 24 மணி நேரத்துக்குப் பிறகுதான். மேலே ஒட்டியிருக்கும் வெள்ளை மெழுகு தோலுக்குக் காப்பு, தேய்த்து எடுக்காதீர்கள். தேனைத் தொட்டு நாக்கில் வைக்கும் சேனையும் வேண்டாம். தேனில் உள்ள கிருமி பச்சிளம் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. சீம்பால் கொடுங்கள்.

பிள்ளையைச் சூழ்ந்துகொண்டு எல்லோரும் தாயை மறந்துவிடுகிறார்கள். நஞ்சு பெரும்பாலும் 30 நிமிடத்துக்குள் தானாக வரும். கொடியைப் பிடித்து இழுத்தால் கருப்பையே புரண்டு வெளியே வந்துவிடலாம். நஞ்சு வந்ததும் கொடியோடு சேர்த்துச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டுப் பிள்ளையின் பக்கத்திலேயே வையுங்கள். புதைத்துவிட்டு வராதீர்கள். நஞ்சை விரித்து ஒவ்வொரு மடலாகப் பார்ப்பது எங்கள் வேலையில் விட்டுவிட முடியாத ஒன்று. சிறு துண்டு உள்ளே தங்கினாலும் இரத்தப்போக்கு நிற்காது. முறைப்படி புதைக்க வேண்டும் என்றால் பார்த்து முடித்த பிறகு கேளுங்கள்.

500 மில்லி, அதாவது ஒரு சிறிய தண்ணீர் போத்தல் அளவுக்கு இரத்தம் போனால் அது ஆபத்து. கால் மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால் 999-க்கு மறுபடி சொல்லுங்கள். நஞ்சு வெளியேறிய பிறகு தொப்புளுக்குக் கீழே கையை வைத்துக் கருப்பையை வட்டமாக அழுத்தித் தேய்த்தால் அது கல் போலக் கெட்டியாகும், போக்கு குறையும். பிள்ளை பால் சப்பினாலும் கருப்பை சுருங்கும். தாயைச் சிறுநீர் கழிக்க வையுங்கள், நிரம்பிய பை கருப்பையைச் சுருங்கவிடாது. எழுந்து நடக்கவிடாமல், கழிக்க ஒரு பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள்.

இருவரும் நன்றாக இருந்தாலும் அன்றைக்கே வந்தாக வேண்டும். பிள்ளைக்கு வைட்டமின் கே, பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பு), ஹெப்படைட்டிஸ் பி ஊசிகள் உண்டு. மருத்துவமனையில் கொடி இரத்தத்தில் பார்க்கும் ஜி6பி.டி. (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி), தைராய்டு சோதனைகளுக்குப் பிள்ளையிடமிருந்து இரத்தம் எடுக்க வேண்டியிருக்கும். ஜி6பி.டி. குறைவு இருந்தால் அலமாரித் துணியில் போடும் பாச்சை உருண்டையின் ஆவியே மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். சோதனை முடிவு தெரியும்வரை அந்தத் துணியில் பிள்ளையைச் சுற்றாதீர்கள். தாயின் பிங்க் புத்தகத்தையும் (கர்ப்பகாலப் பதிவு) எடுத்து வாருங்கள். இரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் என்று இருந்தால், பிள்ளை பாசிட்டிவாக இருக்கும்போது 72 மணி நேரத்துக்குள், அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசியைத் தாய்க்குப் போட வேண்டும். நம் இந்தியர்களிடையே நெகட்டிவ் வகை மலாய், சீன சமூகங்களைவிட அதிகம். தீட்டுக் கழியட்டும் என்று வீட்டிலேயே இருந்தால் அந்த நேரம் போய்விடும்.

பிறப்புப் பதிவுக்குத் தீபகற்பத்தில் 60 நாள் கெடு. வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பை உறுதிப்படுத்தும் தாள் இல்லாமல் தேசியப் பதிவிலாகாவில் அலைய வேண்டியிருக்கும். அன்றே வந்தால் தாயையும் பிள்ளையையும் பரிசோதிக்கும்போதே அதற்கும் ஏற்பாடு செய்யலாம்.