ஆட்டிசம் சான்றிதழ்: வாளையாற்றுக்கு இருபுறமும் அலையும் குடும்பங்களுக்கு

வாளையாற்று எல்லைக்கு அப்பால், கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள், பேச்சு வராத பிள்ளையைப் பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் கொண்டுபோகின்றன. அங்கே தனியார் மருத்துவமனையில் கிடைத்த அறிக்கையையே மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் என்று நம்பி, இரண்டு ஆண்டுகளைத் தொலைத்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, அரசு நியமித்த மருத்துவக் குழு தருவது மட்டுமே சான்றிதழ். மத்திய அரசின் சுவாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்தால், அதனுடன் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வரும். சட்டத்தைப் பற்றி முதலில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

அலைச்சல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கோவையில் கேட்டால் "உங்கள் ரேஷன் கார்டு கேரளத்தில் இருக்கிறது, அங்கே போங்கள்" என்பார்கள். பாலக்காட்டில் கேட்டால் "வைத்தியம் பார்த்த இடத்திலேயே வாங்குங்கள்" என்பார்கள். அந்தச் சட்டத்துக்கான 2017ஆம் ஆண்டு விதிகள், வசிக்கும் மாவட்டத்திலோ, சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலோ விண்ணப்பிக்க இடம் தருகின்றன. சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி, எங்கு வாங்கிய சான்றிதழும் நாடு முழுவதும் செல்லும். ஆயினும் மாநில அரசுகளின் உதவித்தொகை அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கே என்பதால், ரேஷன் கார்டு இருக்கும் மாவட்டத்திலேயே வாங்குவது பின்னாளில் வீண் கேள்விகளைக் குறைக்கும்.

பரிசோதனை நாளில் என்ன நடக்கிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. பிள்ளையைப் பார்த்து மட்டும் இந்த மதிப்பெண்ணைப் போடுவதில்லை; உடன் வந்தவர் சொல்லும் பதிலும் அதில் சேர்கிறது. ஆகவே யார் உடன் போகிறார், எந்த மொழியில் பதில் சொல்கிறார் என்பதெல்லாம் எண்ணாக மாறிவிடுகிறது. தாய்க்குக் கூலி போய்விடும் என்று பாட்டியை அனுப்புகிறார்கள். பாட்டியோ பேரப்பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமின்றி, நாள்தோறும் நடப்பதையும் "எப்போதாவது" என்கிறார். கேள்வி மலையாளத்தில் வந்தால், புரியாததற்கும் தலையாட்டிவிடுகிறார்கள். பிள்ளைக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டுபவரே போக வேண்டும். ஒரு வாரம் வீட்டில் நடந்தவற்றை, எத்தனை முறை என்பதோடு, தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேள்வியைத் தமிழில் கேட்கும்படி தயங்காமல் சொல்லுங்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில், உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழில் மனு எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது என்பதை மேசைக்கு அப்பால் இருப்பவர் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கண்டறியப்படுவோரில் ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது உலகளவில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. ஆனால் பெண் குழந்தை பிறரைப் பார்த்துப் பழகித் தன் சிரமத்தை மறைத்துக்கொள்வதும், "அடக்கமான பிள்ளை" என்று வீடே அதைப் பாராட்டிவிடுவதும் அந்தக் கணக்கிற்குள் ஒளிந்திருக்கின்றன. ஆண் பிள்ளைக்கு வேறு பேச்சு: "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்." தமிழும் மலையாளமும் கலந்து கேட்பதால்தான் பேச்சு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. அப்படிச் சொன்னவரிடம் மறுபடியும் காத்திருக்காமல் வேறு மருத்துவரைப் பாருங்கள். 1943இல் மனநல மருத்துவர் லியோ கன்னர் ஆட்டிசத்துக்கு முதன்முதலில் விவரித்த 11 பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் நன்கு படித்தவர்கள். அவரிடம் போய்ச் சேர வசதி இருந்தது அவர்களுக்குத்தான். அதிலிருந்து எழுந்த "படித்த வீட்டு நோய்" என்ற எண்ணம் இன்னும் சில மருத்துவர்களின் அறைகளில் உட்கார்ந்திருக்கிறது.

இனிஷியலும் ஒரு கண்ணி. பிறப்புச் சான்றிதழில் ஓரெழுத்தும், ஆதாரில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால், விண்ணப்பம் அங்கேயே நிற்கும். முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள்.

குறைபாடு 40 சதவீதத்தை எட்டினால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். சான்றிதழ் தர மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்வது கடினம். கிடைத்துவிட்டால், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான, மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு அப்போதே விண்ணப்பியுங்கள். சிறு பிள்ளைகளுக்குத் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ் என்பதால், அதிலுள்ள முடிவுத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கப் போய்விடுங்கள்.