ரைஃபிள் – புரிதுமுக்கி: சொல் விளக்கம்

ரைஃபிள் என்ற சொல் முதலில் ஓர் ஆயுதத்தின் பெயராக இல்லை. ஒரு வேலையின் பெயராக இருந்தது. துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகப் பள்ளம் கீறுவதை ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல்லால் குறித்தார்கள். பழைய பிரெஞ்சில் 'ரிஃப்ளே' என்றால் கீறுதல், சுரண்டுதல். அப்படிக் கீறப்பட்ட குழல் கொண்ட துப்பாக்கி, காலப்போக்கில் சுருங்கி வெறும் ரைஃபிள் ஆனது.

பள்ளம் எதற்கு? வழுவழுப்பான குழலிலிருந்து கிளம்பும் குண்டு தடுமாறிப் பறக்கும். சுருள் பள்ளத்தைப் பற்றிக்கொண்டு வரும் குண்டு சுழன்றபடி வெளியேறும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, அந்தச் சுழற்சிதான் அதைத் திசை மாறாமல் கொண்டுபோகிறது.

ஆகவே ரைஃபிளை வெறுமனே 'துப்பாக்கி' என்று எழுதுவது போதாது. துருக்கிய மொழியிலிருந்து வந்த அந்தப் பழைய சொல் எல்லாவற்றுக்கும் பொது. பள்ளமே இல்லாத ஷாட்கன்னும் துப்பாக்கிதான். தமிழில் இப்போது 'மரைகுழல் துப்பாக்கி', 'புரிதுமுக்கி' (துமுக்கி என்றாலும் துப்பாக்கிதான்) என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. என் ஓட்டு இரண்டாவதுக்கு. மரை என்றதும் திருகாணியில் நெருக்கமாக ஓடும் வரிகள்தான் நினைவுக்கு வரும். குழலுக்குள் இருப்பது அப்படியல்ல. 10 அங்குல நீளத்தில் ஒரே ஒரு சுற்றுத்தான் வரும் என்னும் அளவுக்கு அது மெல்லிய முறுக்கு. முறுக்குக்குத் தமிழில் புரி என்ற சொல் இருக்கிறது: வலம்புரிச் சங்கு, முப்புரி நூல். ('புரிகுழல்' என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது. இலக்கியத்தில் அது சுருண்ட கூந்தல்!)

புரி பொருத்தம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, ஒரே ரைஃபிள் ஆண்டுக்கணக்கில் தயாரிக்கப்படும்போது என்னென்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பெயர் அப்படியே இருக்கும்; உள்ளே கிட்டத்தட்ட எல்லாமே மாறியிருக்கும்.

பிரிட்டனின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொள்வோம். 1907இல் வந்த மார்க் 3 நுணுக்கமான வேலைப்பாடு கொண்டது. முதல் உலகப்போர் வந்தது, ஆலைகளுக்கு நேரமில்லை. தோட்டாப் பெட்டியை மறைக்கும் தகடும், நெடுந்தொலைவுக் குறிகாட்டியும் கழற்றி எறியப்பட்டன. பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் சேர்ந்தது. அடுத்த போரில், வேகமாகச் செய்வதற்கென்றே திருத்தி வடிவமைத்த நம்பர் 4 வந்தது. வழக்கமாக 5 பள்ளங்கள் இருந்த இடத்தில், கனடா, அமெரிக்க ஆலைகள் 2 பள்ளங்களோடு பல குழல்களைச் செய்தன. போர்க்களத்துக்குத் தேவையான துல்லியம் அதிலேயே கிடைத்தது. 1962 போருக்குப் பிறகு இந்தியாவின் இஷாபூர் ஆலை, பழைய மார்க் 3 வடிவத்தையே மேம்பட்ட எஃகில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிச் செய்தது.

சோவியத்தின் ஏகே கதை பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தது. 1949இல் படைக்கு ஏற்கப்பட்டபோது அதன் உடற்பகுதி, அதாவது ரிசீவர், எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி மடித்துச் செய்யப்பட்டது. ஆனால் அந்தத் தொழில்நுட்பம் இன்னும் கைகூடவில்லை. கழிக்க வேண்டியவை குவிந்தன. அதனால் முழு எஃகுக் கட்டியைக் குடைந்து செதுக்கும் முறைக்கு மாறினார்கள். செலவும் எடையும் அதிகம்தான், ஆனாலும் தரம் நிச்சயம். தகட்டு வேலை கைவந்த பிறகு, 1959இல் ஏகேஎம் 1 மி.மீ. தகட்டில் வந்தது.

அமெரிக்காவின் எம்16இல் புரியே மாறியது. தொடக்கத்தில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கடுங்குளிரில் காற்று அடர்த்தியாகும்போது அந்தச் சுழற்சி போதவில்லை, 12 அங்குலமாக்கினார்கள். வியட்நாமில் வெடிமருந்து வகையை மாற்றியதும் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அதனால் உயிர்கள் போயின. அதற்கப்புறம்தான் தோட்டா அமரும் அறைக்கும், பின்னர் குழல் முழுவதற்கும் குரோமியப் பூச்சு வந்தது. 1980களின் எம்16ஏ2வில் நீண்ட குண்டுக்காக 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

பள்ளம் போடும் முறையும் பழையபடி இல்லை. முன்பு கொக்கி போன்ற வெட்டுமுனையைக் குழலுக்குள் திரும்பத் திரும்ப இழுத்து, ஒவ்வொரு தடவையும் மயிரிழை அளவுக்குச் சுரண்டுவார்கள். இரண்டாம் உலகப்போரை ஒட்டி ஜெர்மனியில் வேறு வழி வளர்ந்தது. பள்ளத்தின் எதிர்வடிவம் கொண்ட கடினமான தண்டைக் குழலுக்குள் செருகி, வெளியிலிருந்து சுத்தியல் இயந்திரங்கள் அடிக்கும். சில நிமிடங்களில் குழல் தயார். இங்கே கீறலும் இல்லை, சுரண்டலும் இல்லை. ஆங்கிலப் பெயர் சொல்லும் வேலை பல ஆலைகளில் இப்போது நடப்பதே கிடையாது. புரி என்பதோ செய்முறையைச் சொல்வதில்லை, வடிவத்தைச் சொல்கிறது. வெட்டினாலும் அடித்தாலும் அந்த முறுக்கு குழலில் இருக்கும்.

மற்ற சொற்களும் இதிலிருந்தே கிளைக்கும். பள்ளம் போடுவது புரியிடல். இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் உயர்ந்து நிற்பது மேடு. ஒரு முழுச்சுற்றுக்கு ஆகும் நீளம் புரிநீளம். சுற்றும் திசைக்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம்: ஏகேயும் எம்16உம் வலம்புரி, லீ-என்ஃபீல்டு இடம்புரி.